பயணிகளுக்கு வானவியல்: பேருந்திலும் ரயில் நிலையத்திலும் சுவரொட்டிகள்

(மத்திய அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்று, செலவுக் கணக்குகளைச் சரிபார்ப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவன் வானவியலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று நம் நாட்டின் குறுக்கே கடந்து சென்றது. கர்நாடகத்தின் மேற்குக் கரையில் தொடங்கி, ஆந்திரத்தின் ஊடே, ஒரிசாவின் பூரிக் கடற்கரை வரை அதன் பாதை அமைந்தது. என் தந்தையார் அப்போது அந்தப் பாதையில் இருந்த ஒரு சிறிய ரயில் நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து வந்தார். எனக்குப் பத்து வயது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் பல்லாயிரம் மைல் கடந்து வந்து எங்கள் மாவட்டத்தில் கூடாரமடித்திருந்தார்கள். நானோ ஜன்னல்களுக்குப் போர்வை கட்டிய அறைக்குள் என் அக்காளுடன் அடைந்து கிடந்தேன். மக்களை வீட்டுக்குள் இருத்துவதற்காகத் தொலைக்காட்சியில் அன்று பிற்பகல் திரைப்படம் ஒளிபரப்பப்பட்டது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியும் இல்லை.

என் தந்தையாருக்கு அன்று வேலை நாள். பிற்பகல் மூன்றே முக்கால் அளவில் இருள் கவிந்தபோது அவர் நடைமேடையில் நின்றிருந்தார். நிலைய விளக்குகளை ஏற்றினார்களாம். வேப்பமரத்தில் காகங்கள் வந்து அடைந்தனவாம். இரண்டு நிமிடத்திற்கும் மேலாக நீடித்த அந்த இருளில் அவர் தம் காலணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சூரியன் முழுவதுமாக மறைந்திருக்கும் அந்தச் சில கணங்களில் வெறுங்கண்ணால் நிமிர்ந்து பார்ப்பதில் தீங்கில்லை என்பதையும், முன்னும் பின்னும் பகுதியாக மறைந்திருக்கும் நேரத்தில்தான் தீங்கு உண்டு என்பதையும் அவருக்குச் சொல்வார் இல்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தொலைவில் ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரில் பற்பொடி விளம்பரம் இருந்தது. 1999-இல் அவர் காலமாகும்வரை மற்றொரு முழுக் கிரகணத்தைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். என் வகுப்பில் படித்த ஒரு பையன் வீட்டாரை ஏமாற்றிவிட்டு மாடிக்குச் சென்று, சூரியன் பாதி மறைந்திருந்த நேரத்தில் அதை உற்று நோக்கினான். அவனுடைய வலக்கண்ணின் நடுவில் விழுந்த கரும்புள்ளி பிறகு நீங்கவே இல்லை. அறியாமையினால் ஒருவர் காணத்தக்கதைக் காணாமல் போனார். மற்றொருவன் காணத்தகாத நேரத்தில் கண்டு கெட்டான். இரண்டு இழப்புகளையும் தடுத்திருக்கக் கூடியது ஒரு தாள்தான்.

காத்திருக்கும் நேரம்

நம் நாட்டு ரயில்களில் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பயணம் செய்கிறார்கள். பேருந்துப் பயணிகளின் எண்ணிக்கை இதனினும் பன்மடங்கு. இவர்களில் ஒவ்வொருவரும் வண்டிக்காகக் காத்து நிற்கும் நேரத்தையும், இருக்கையின்றி நின்றுகொண்டு செல்லும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். பொருளாதாரக் கணக்கில் இந்த நேரத்தை நாம் நட்டமாகவே எழுதுகிறோம். சாலைத் திட்டங்களை மதிப்பிடும்போது பயண நேரம் குறைவதை ஆதாயமாகக் காட்டுகிறோம். குறைக்க முடியாமல் எஞ்சி நிற்கும் நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் கண்டதில்லை.

இப்போதெல்லாம் பயணிகள் கைபேசியைத்தானே பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் நெரிசலில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பையையும் பிடித்திருப்பவர் கைபேசியைப் பார்க்க இயலாது. அவருடைய கண்ணுக்கு எதிரே இருப்பது வண்டியின் உட்சுவர். மேலும், கைபேசியில் ஒருவர் தாம் தேடுவதைத்தான் காண்கிறார். வானவியலைத் தேடாதவருக்கு அது வந்து சேர்வதில்லை. சுவரில் இருப்பதைத் தேடவேண்டியதில்லை.

விஞ்ஞானத்தைச் சக்கரங்களின் மீது ஏற்றும் முயற்சி நமக்குப் புதிதன்று. கல்கத்தாவில் உள்ள பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-இலேயே நடமாடும் விஞ்ஞானக் கண்காட்சியைத் தொடங்கியது. 2007 அக்டோபர் 30-ஆம் நாள் தில்லியில் தொடங்கிவைக்கப்பட்ட 'சயன்ஸ் எக்ஸ்பிரஸ்' என்னும் பதினாறு பெட்டிகள் கொண்ட கண்காட்சி ரயிலை, 2017 வரை அது ஓடிய காலத்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர். போற்றத்தக்க முயற்சி. ஆனால் அந்த ரயில் ஓர் ஊருக்கு வந்து சில நாட்கள் நின்று, பின் புறப்பட்டுச் சென்றுவிடும். புறப்பட்ட பின் அந்த நடைமேடையில் எஞ்சுவது என்ன என்ற கேள்வியைத்தான் நான் எழுப்புகிறேன்.

முன்மாதிரிகள்

தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் திருக்குறள் பலகை இடம்பெறத் தொடங்கியது அறுபதுகளின் பிற்பகுதியில். லண்டன் சுரங்க ரயில்களில் கவிதைகளை ஒட்டும் திட்டம் 1986-இல்தான் தோன்றியது. அதை உலகமெங்கும் புகழ்ந்து எழுதினார்கள். நம்முடையதைப் பற்றி நாமே எழுதவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதியாத என் பாட்டியாருக்குக்கூடச் சில குறள்கள் மனப்பாடமாக இருந்தன. பேரன் பேத்திகளைப் பேருந்தில் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவர் கற்றவை அவை.

மற்றொன்று குடும்ப நலத் திட்டத்தின் சிவப்பு முக்கோணம். தலைகீழான ஒரு முக்கோணம், நான்கு முகங்கள், இரண்டு சொற்றொடர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதன் பொருளை அறிந்திருந்தார். அந்தத் திட்டத்தின் நிறைகுறைகளை விவாதிக்கும் இடம் இதுவன்று. பேருந்தின் பின்புறத்தையும் ரயில் பாதையோரச் சுவரையும் அரசு எவ்வளவு தூரம் பயன்படுத்த முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. முக்கோணம் ஏவியது. குறள் பலகை எவரையும் ஏவவில்லை. படித்தவர் படித்தார், படியாதவர் இறங்கிப் போனார். வானவியலுக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பது என் கருத்து.

என் கையெழுத்தும் இருந்த ஒரு தவறு

2010 ஜனவரி 15-ஆம் நாள் கங்கண கிரகணம் கன்னியாகுமரி, தனுஷ்கோடிப் பகுதிகளில் பத்து நிமிடங்களுக்கு மேல் தெரிந்தது. அதையொட்டிச் சுவரொட்டி வெளியிடுவதற்கென அமைந்த ஒரு குழுவில் நானும் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. விஞ்ஞானிகள் எழுதித் தந்த வாசகம் ஒன்பது வரிகள். அது ஐந்து மேசைகளைக் கடந்தது. ஒவ்வொரு மேசையும் ஒரு வாக்கியத்தைக் கூட்டியது. எந்த மேசையும் எதையும் குறைக்கவில்லை. மூன்று நிறுவனங்களின் சின்னங்கள் மேலே ஏறின. இரண்டு புகைப்படங்கள் ஏறின. சூரியனின் படம் சுருங்கிச் சுருங்கி ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. செலவினத்துக்கு ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டவன் நான். கிரகணம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் அந்தச் சுவரொட்டியைப் புத்தம் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்ததை நானே கண்டேன். ஒட்டுபவரிடம், 'இது முடிந்துவிட்டதே ஐயா' என்றேன். 'கட்டு இன்றைக்குத்தான் சார் வந்தது' என்றார்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தைக் காண்பதற்காக முதல் நாள் மாலை திண்டுக்கல் நோக்கிப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குறள் பலகையின் கீழே, செய்தித்தாளிலிருந்து கத்தரித்த ஒரு துண்டுத்தாளை நடத்துநர் பசையிட்டு ஒட்டியிருந்தார். எந்நேரம் தொடங்கும், எந்நேரம் வளையம் தெரியும், வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்ற மூன்று செய்திகள்தாம் அதில் இருந்தன. பள்ளி மாணவியர் நால்வர் அதன் அருகே நின்று வாதாடினார்கள். 'அண்ணா, நாளைக்கு அந்த நேரத்தில் சாப்பிடலாமா, கூடாதா?' என்று ஒருத்தி நடத்துநரைக் கேட்டாள். 'சாப்பிடக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறதா, பார்த்துச் சொல்லும்மா' என்று அவர் பயணச்சீட்டைக் கிழித்தபடியே பதில் சொன்னார். அந்தப் பெண் மறுபடியும் படித்தாள். அரசாங்கத்தில் ஒரு குழு ஆறு மாதத்தில் செய்யாததை ஒரு நடத்துநர் ஒரு நாளில் செய்துவிட்டார் என்பதை நான் அலுவலகக் குறிப்பில் எழுத முடியாது, இங்கே சொல்லலாம்.

எதை எழுதுவது?

கிரகணச் செய்தி காய்கறியைப் போன்றது. நாள் கடந்தால் வீண். நாள் கடந்தும் கெடாத செய்திகளும் வானத்தில் ஏராளம். பயணியின் இடத்துக்கும் அவர் செல்லும் திசைக்கும் பொருந்துகின்ற செய்திகளாக அவை இருக்கவேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. பால்வீதியின் அகலம் எத்தனை ஒளியாண்டு என்று நடைமேடையில் எழுதிவைப்பதால் பயன் குறைவு. அதைச் சரிபார்க்க அவரால் இயலாது.

ரயில் நிலையத்துக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வானவியலின் குழந்தை. 1792-இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தில் விண்மீன்களை நோக்கிக் கணித்த நேரமே 'மதராஸ் நேரம்' என்ற பெயரில் தந்தி வழியாக இந்திய ரயில்வேக்களுக்கெல்லாம் அளிக்கப்பட்டு வந்தது. 1906 ஜனவரி முதல் நாள்தான் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. பம்பாய் நகரம் 1955 வரை தன் பழைய நேரத்தை விடாமல் வைத்திருந்தது. இன்று நாடெங்கும் கடிகாரம் ஒன்று. ஆனால் சூரியன் ஒன்றுபோல் உச்சிக்கு வருவதில்லை. சராசரியாகப் பார்த்தால் கொல்கத்தாவில் 11 மணி 37 நிமிடத்துக்கு வரும் உச்சிப்பொழுது, சென்னையில் 12 மணி 9 நிமிடத்துக்கும் மும்பையில் 12 மணி 39 நிமிடத்துக்கும் வருகிறது. திப்ருகருக்கும் துவாரகைக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேர வேறுபாடு. ஆண்டின் பருவத்தைப் பொறுத்து இந்த நேரங்கள் கால் மணி வரை முன்பின்னாக மாறும்.

நமது நிலையங்களின் மஞ்சள் நிறப் பெயர்ப்பலகைகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திற்கு மேல் உள்ள உயரம் எழுதப்பட்டிருப்பதை அனைவரும் கண்டிருப்பீர்கள். பொறியாளர்களுக்காக எழுதப்பட்ட அந்த எண்ணை எத்தனை கோடிக் குழந்தைகள் தந்தையிடம் கேட்டிருப்பார்கள்! அதே பலகையில் இன்னும் இரண்டு வரிகளைச் சேர்த்தால் என்ன? ஒன்று, அந்த ஊரின் அட்சரேகை. மற்றொன்று, அந்த ஊரின் சராசரி உச்சிப்பொழுது. ஏற்கெனவே பலகைக்கு வண்ணம் தீட்டும் தொழிலாளியே இதையும் எழுதிவிடுவார். 7,000-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கும் கணக்கிட ஒரு கல்லூரி வகுப்புக்கு ஒரு வாரம் போதும்.

அட்சரேகை எதற்கு என்று கேட்பீர்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்வூரின் அட்சரேகை. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவைத் தாண்டிச் செல்லும் ஹிம்சாகர் விரைவு வண்டியில் ஏறும் ஒருவருக்குப் புறப்படும் இரவில் துருவ நட்சத்திரம் ஒரு முட்டி உயரம்கூட இல்லாமல் வடக்கே அடிவான மங்கலில் மறைந்திருக்கும். கடைசி இரவில் மூன்று முட்டிக்கு மேல் உயர்ந்திருக்கும். வடக்கே செல்லச் செல்ல ஒரு விண்மீன் ஏறுகிறது என்றால், தெற்கே ஒன்று இறங்கவேண்டும் அல்லவா? அதுதான் அகத்திய நட்சத்திரம். குளிர்கால இரவில் அது உச்சமடையும்போது சென்னையில் 24 பாகை உயரத்தில் நிற்கும்; தில்லியில் 9 பாகையைத் தொடுவதில்லை. அகத்தியர் தெற்கே வந்த கதையை அறியாத தமிழர் இல்லை. அவர் பெயர் தாங்கிய விண்மீன் தெற்கே வர வர ஏன் உயர்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. பூமி உருண்டை என்பதற்கு இதைவிட எளிய சான்றை என்னால் எண்ண இயலவில்லை. அதற்கான சோதனைச் செலவு ஒரு பயணச்சீட்டு. குளிர்பதனப் பெட்டியின் கண்ணாடி வழியே இது தெரியாது. இருண்ட சிறு நிலையத்தில் வண்டி நிற்கும்போது வாசலுக்கு வந்து பார்க்கவேண்டும் என்பதையும் சுவரொட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். சாதாரண வகுப்புப் பயணிக்கு ஒரு முறையாவது முன்னுரிமை கிடைக்கட்டும்.

நிழலில்லாத நாள் மற்றொரு பொருள். சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் இறுதி வாரத்திலும், நாகபுரியில் மே 26-ஐ ஒட்டியும், போபாலில் ஜூன் நடுப்பகுதியிலும் அமைகிறது. திரும்பும் வழியில் ஆகஸ்டு இடையில் மீண்டும் சென்னைக்கும், செப்டம்பர் தொடக்கத்தில் குமரிக்கும் வருகிறது. ரயில் இரண்டு நாளில் கடக்கும் தொலைவைச் சூரியன் இரண்டு மாதத்தில் கடக்கிறது. தில்லிக்கு அது வருவதே இல்லை. அன்று நண்பகலில் நடைமேடைக் கம்பத்தின் அடியைப் பார்த்தால் போதும், தொலைநோக்கி வேண்டாம். இந்திய வானவியல் சங்கத்தின் பொதுமக்கள் கல்விக் குழு சில ஆண்டுகளாக இந்த நாளைப் பள்ளிகளில் பரப்பி வருகிறது. பள்ளிக்கு வெளியே உள்ளவர்களுக்கு அதைக் கொண்டு செல்லும் இடம் பேருந்து நிலையம்தான்.

ஊருக்குரிய செய்திகளும் உண்டு. கோடை ரோடு நிலையத்தில் இறங்கி மலையேறுபவர் எத்தனை பேருக்கு 1901 முதல் அங்கே சூரியனை ஆராய்ந்து வருகிறார்கள் என்பது தெரியும்? ஜோலார்பேட்டைச் சந்திப்பைக் கடப்பவர்களுக்கு, அருகே தெரியும் சவ்வாது மலைத் தொடரில் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருவது தெரியுமா? பாட்னா - கயா பாதையில் தாரேகனா என்றே ஒரு நிலையம் இருக்கிறது. விண்மீன்களை எண்ணுதல் என்று பொருள். ஆரியபட்டர் அங்கிருந்து வானத்தை ஆராய்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. 2009 ஜூலை 22 முழுக் கிரகணத்தன்று பெருங்கூட்டம் அங்கே திரண்டது, மேகம் மறைத்துவிட்டது. நானும் அந்தக் கூட்டத்தில் நனைந்தவன். இருள் வந்தது, சூரியன் தெரியவில்லை. அன்று ஒருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை என்பதைமட்டும் கவனித்தேன்.

செலவும் வருவாயும்

விளம்பர இடம் ரயில்வேக்கு வருவாய். அதை இலவசமாகக் கேட்பது முறையன்று என்று வணிகப் பிரிவு அதிகாரி ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் சொன்னது சரி. பெருநகரச் சந்திப்பில் ஒரு சுவரை நாம் எடுத்துக்கொண்டால், அதற்கு ஒரு சோப்புக் கம்பெனி தரவிருந்த வாடகையே அதன் உண்மையான விலை. ஆகவே அங்கே கேட்கவேண்டாம். சிறு நிலையங்களிலும் மாவட்டப் பேருந்துகளிலும் ஆண்டு முழுவதும் விற்காத இடம் ஏராளம். இன்று விற்காத விளம்பர இடத்தை நாளைக்குச் சேமித்துவைக்க முடியாது. காலியாகச் சென்ற இருக்கையைப் போல அது அன்றோடு அழிகிறது. அங்கே நமக்கு ஆகும் செலவு அச்சுக்கூலியும் பசையும்தான். ஒருவர் படிப்பதால் அடுத்தவருக்குக் குறைந்துபோகாத பண்டம் இது என்பதையும் பொருளாதார மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். இத்தகைய பண்டத்தைச் சந்தை போதிய அளவில் வழங்காது.

குடிநீர் இல்லாத ஊருக்கு வானவியல் எதற்கு என்ற கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்தச் சுவரொட்டிச் செலவை முழுவதும் நிறுத்தினாலும் ஒரு தாலுகாவுக்குக் குழாய் போட முடியாது. மாறாக, கிரகணத்தன்று கருவுற்ற பெண்களை நாள் முழுவதும் பட்டினியாய் இருட்டறையில் வைக்கும் வழக்கம் குடிநீர் வந்த ஊர்களிலும் இருக்கிறது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதியது. கடமையை விதித்த அரசு, அதைச் செய்வதற்கான தகவலையும் தரவேண்டாமா?

மொழியைப் பற்றி ஒரு சொல். தில்லியில் ஆங்கிலத்தில் எழுதி, பதினைந்து மொழிகளில் பெயர்த்து அனுப்பும் முறையை இதில் கைவிடவேண்டும். திருவாதிரை என்றால் தமிழருக்கு ஒரு விண்மீனும் ஒரு திருவிழாவும் உடனே நினைவுக்கு வரும். மொழிபெயர்ப்பாளர் தரும் பெயரில் அது வராது. படமும் எண்களும் மையத்திலிருந்து வரட்டும். வாசகத்தை அந்தந்த மொழியினரே எழுதட்டும். பேருந்தின் வெளிப்புறத்துக்கு ஐந்து சொற்கள், உட்புறத்துக்கு நாற்பது, நடைமேடைக்கு நூறு. நூற்றுக்கு மேல் போனால் என் குழுவின் சுவரொட்டியாகிவிடும்.

2031 மே 21-ஆம் நாள் கங்கண கிரகணம் ஒன்று கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கவிருக்கிறது. 2034 மார்ச் 20-ஆம் நாள் முழுக் கிரகணத்தின் பாதை காஷ்மீர், லடாக் பகுதிகளைத் தொடும். தேதிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்கூட்டியே கணிக்கக் கூடியவை. ஆகவே 'கட்டு இன்றைக்குத்தான் வந்தது' என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. 2031-க்கான வாசகம் 2030 மார்ச்சுக்குள் ஒப்புதல் பெற்று, டிசம்பருக்குள் அச்சாகி, ஏப்ரலில் ஒட்டப்படவேண்டும். பாதையில் உள்ள நிலையங்களின் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். மதுரைக் கோட்டத்து நிலையங்களுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் கணக்கிட்டுத் தர முன்வரும் மாணவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கணிப்பான் கொண்டுவரவேண்டாம்; என்னிடம் இருக்கிறது.